அகத்தியர் மலைக்குச் சுமை கட்டிய கதை

மலையேற்றம் என்றதும் நம் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது தொலைக்காட்சியில் பார்த்த வெள்ளைப் பனிதான். முதுகில் பெரிய பை, காலில் நீளமான சறுக்குப் பலகை, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. "அதெல்லாம் சுவிட்சர்லாந்துக்காரன் பண்ணுகிற காரியம், நமக்கு ஏது?" என்று பெரியவர்களும் சொல்லிவிடுகிறோம். திருவனந்தபுரத்தில் குடியேறி மூன்று தலைமுறையான குடும்பங்கள்கூட, ஊருக்குக் கிழக்கே நேர்கோட்டில் சுமார் 35 கிலோமீட்டரில் நிற்கும் அகத்தியர் மலையின் உச்சியில் 1855-ஆம் ஆண்டிலேயே ஓர் ஆய்வுக்கூடம் கட்டப்பட்டதையும், அதற்கான செலவைத் திருவிதாங்கூர் சர்க்கார் கொடுத்ததையும் அறியாமலிருப்பது எனக்கு வெகுநாள் குறை. இந்த மலரில் அதை எழுதிவைக்கலாம் என்று தோன்றிற்று.

மலையைப் பற்றிப் புராணம் எல்லோருக்கும் தெரியும். உலகத்தின் பாரம் வடக்கே சாய்ந்தபோது அதைச் சரிக்கட்ட அகத்தியர் தெற்கே வந்தார் என்பது கதை. வியாபாரி கண்ணோடு பார்த்தால் தராசைச் சமன் செய்த முதல் ஆள் அவர்தான்! பொதியில், பொதிகை, மலயம், அகத்தியகூடம் என்று பெயர்கள் பல. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் தாலமி தம் நூலில் பெட்டிகோ என்று குறித்த மலை இந்தப் பொதிகையே என்று அறிஞர் பலர் கொள்வர். 7-ஆம் நூற்றாண்டில் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், தென்கோடியில் மலய மலையை அடுத்துப் பொதலகம் என்றொரு மலையைச் சொல்கிறார். பாதை அபாயமானது, பாறை செங்குத்து, உச்சியில் ஏரி, அங்கிருந்து ஓர் ஆறு புறப்பட்டுத் தென்கடலில் விழுகிறது, உயிரைப் பொருட்படுத்தாமல் ஏறுகிறவர்களில் உச்சியை அடைகிறவர் மிகச் சிலர் என்பது அவர் செய்தி. அவர் நேரில் போகவில்லை, கேட்டு எழுதினார். அந்தப் பொதலகமும் நம் பொதிகையும் ஒன்றே என்பாரும் உளர். மறுப்பாரும் உளர். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. எனக்கு அதில் பிடித்தது வேறு. மலையைப் பற்றிய பழைய குறிப்பு ஒன்று, தெய்வத்தை மட்டும் சொல்லாமல் வழி எப்படி, எத்தனை பேர் தேறினார்கள் என்றும் சொல்கிறது பாருங்கள். யாத்திரைக்குப் புறப்படுகிறவனுக்கு முதலில் வேண்டிய தகவல் அதுதான்.

இனி நம் ஊருக்கு வருவோம். சாலை என்ற பெயரைக் காந்தளூர்ச் சாலையோடு சேர்த்துப் பேசுவது நம் தமிழாசிரியர்களுக்கு வழக்கம். இராசராச சோழன் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை பக்கத்து வலியசாலைதானா, அது கல்விச்சாலையா, 'கலமறுத்தது' கப்பலையா உண்கலத்தையா என்று நூறு வருஷமாக வழக்கு நடக்கிறது. இன்றைய கடைத்தெருவோ, திவான் ராஜா கேசவதாசர் காலத்து ஏற்பாடு, 18-ஆம் நூற்றாண்டின் கடைசி. நாஞ்சில் நாட்டு நெல்லும் பாண்டி நாட்டுச் சரக்கும் இதன் வழியாகத்தான் கோட்டைக்கு வந்து சேர்ந்தன. தலைச்சுமையும் வண்டிப்பாரமும் பார்த்துப் பழகின தெரு இது. கயிறும் சாக்கும் தார்ப்பாயும் விற்கிற எனக்கு ஒரு மலையேற்றத்தின் வரலாற்றில் இவ்வளவு ருசி ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். மலையேற்றத்தில் முக்கால் பங்கு சுமை கட்டுகிற கணக்குதான்.

சுவாதித் திருநாள் மகாராஜா 1837-இல் திருவனந்தபுரத்தில் வானாய்வு நிலையத்தை ஏற்படுத்தினார். ஆலப்புழையில் வணிகப் பிரதிநிதியாயிருந்த ஜான் கால்டிகாட் அதன் முதல் இயக்குநர். (ஆம், அவரும் வியாபாரத்திலிருந்து வந்தவர்தான்!) கால்டிகாட் 1849-இல் காலமானார். பிறகு 1852-இல் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் ஆலன் பிரௌன் பொறுப்பேற்றார். 1817-இல் பிறந்த இவர் அதற்குமுன் மேக்கர்ஸ்டௌன் என்ற இடத்தில், சர் தாமஸ் பிரிஸ்பேன் நடத்திய காந்த ஆய்வுக்கூடத்தில் 1842 முதல் 1849 வரை வேலை பார்த்தவர். நம்ம மியூசியத்தின் தொடக்க காலத்திலும் இவருக்குப் பங்கு உண்டு.

இவருக்கு நம் ஊர் ஏன் முக்கியமாயிற்று? காந்த ஊசியை நடுவில் தொங்கவிட்டால், வடதேசத்தில் அதன் ஒரு முனை பூமியை நோக்கிச் சாயும். தெற்கே வரவரச் சாய்வு குறையும். ஓரிடத்தில் சாய்வே இல்லாமல் தராசு முள் போலச் சமமாக நிற்கும். அந்த இடங்களைச் சேர்த்தால் வருவது காந்த நடுக்கோடு. திருவனந்தபுரம் அதற்கு மிக அருகில். அந்த ஊசி நாள்முழுவதும் சிறுசிறு அளவில் இடமும் வலமும் நகர்ந்துகொண்டிருக்கும். சூரியனோடு அதற்கு ஒரு கணக்கு உண்டு. இந்த அசைவு தரையில் ஒருமாதிரியும் உயரத்தில் வேறுமாதிரியும் இருக்குமா? காற்றின் அழுத்தம் மணிக்கு மணி ஏறி இறங்குகிறதே, அது உச்சியில் எப்படி? இதைத் தீர்க்க ஒரே வழி, கீழே ஒருவரும் மேலே ஒருவரும் ஒரே நேரத்தில் பார்த்து எழுதுவது. கீழே குன்றின்மேல் நிலையம் தயாராக இருந்தது. மேலே இடம் தேடினார், அகத்தியர் மலை கண்ணில் பட்டது. பழைய புத்தகங்கள் 6,200 அடி என்று எழுதும் சிகரம். இன்றைய அளவு 1,868 மீட்டர்.

நாகம் அய்யா 1906-இல் வெளியிட்ட திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவலில், 1855-க்கும் 1865-க்கும் இடையே இரண்டு தவணையாக அங்கே அவதானிப்புகள் நடந்ததாகக் குறிப்பு இருக்கிறது. அதை வானியல் நிலையம் என்றே அவர் வகைப்படுத்துகிறார். எனக்கு அதில் ஒரு சின்னத் திருத்தம் உண்டு. பிரௌன் அங்கே போனது நட்சத்திரம் பார்க்க அல்ல, ஊசியும் பாதரசமும் பார்க்க. அவர் 1874-இல் லண்டனில் வெளியிட்ட பெரிய தொகுதியின் தலைப்பிலேயே திருவனந்தபுரமும் அகத்திய மலையும் காந்த அவதானிப்பு நிலையங்களாக ஒன்றாக நிற்கின்றன.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இப்படி ஒரு மலைக்குத் திட்டம் போடுவது எப்படி?

முதல் கணக்கு பருவம். அந்தச் சிகரத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு. சோறு வடிக்க விறகு காயாது, பாறை வழுக்கும், காட்டாறு பெருகினால் போனவன் அந்தக் கரை, வீடு இந்தக் கரை. நிம்மதியாக ஏற இறங்கக் கிடைப்பது தையும் மாசியும், கொஞ்சம் பங்குனியும். கொத்து வேலைக்கும் தச்சு வேலைக்கும் இந்த மாதங்கள்தான். ஆனால் அவதானிப்புக்கோ மழைக்காலமும் வேண்டும், வருஷம் முழுக்க வேண்டும். கட்டுவது வெயிலில், குடியிருப்பது மழையில். இந்த முரண்பாட்டைத் தீர்க்காமல் திட்டமே கிடையாது.

இரண்டாவது, கருவி. பாதரச மானி என்பது ஒரு கஜத்துக்குச் சற்றுக் குறைந்த கண்ணாடிக் குழாய், உள்ளே பாதரசம். பாதரசம் தண்ணீரைப்போல் பதின்மூன்றரை மடங்கு கனம். நிமிர்த்தித் தூக்கிக்கொண்டு நடந்தால், ஒவ்வொரு எட்டுக்கும் அது மேலே போய் மோதிக் கண்ணாடியை உடைத்துவிடும். ஆகவே குழாயை முழுக்க நிரப்பித் தலைகீழாகத்தான் சுமக்கவேண்டும். வழியில் உடைந்தால் சாலையில் வாங்கிக் கொள்ளலாம் என்பது இல்லை, கப்பலில் வரவேண்டும். காந்தமானியின் சங்கடம் வேறு. அது இருக்கும் கட்டடத்தில் இரும்பு ஆகாது. ஆணி, கீல், கொண்டி எதுவானாலும் ஊசியைத் தன் பக்கம் இழுக்கும். செம்பும் பித்தளையும் மரமும் வேண்டும். தச்சனுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதே ஒரு வாரம் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன். இராத்திரியும் மணிக்கு ஒருதரம் பார்க்க வேண்டுமானால் விளக்கெண்ணெய் வேண்டும். மேகம் வீட்டுக்குள் நுழைகிற இடத்தில் எழுதின தாள் நனையாமலிருக்க வேண்டும். சமவெளியைவிடப் பன்னிரண்டு பாகை குறைவான குளிரில், காற்றடிக்கிற பாறைமேல், முண்டு கட்டிப் பழகினவர்கள் உட்கார்ந்து எண் எழுத வேண்டுமானால் கம்பளி வேண்டும்.

மூன்றாவது, சோறு. இங்கே என் தொழில் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்த்தேன். இவை என் எண்கள், பிரௌனுடையவை அல்ல. மலைப்பாதையில் ஒரு ஆள் 25 கிலோ தூக்குவான் என்று வையுங்கள். ஏற 3 நாள், இறங்க 2 நாள். அரிசி, பயறு, உப்பு, புளி எல்லாம் சேர்த்து அவனுக்கு ஒரு நாளைக்கு 1 கிலோ. அவன் சுமையில் 5 கிலோவை அவனே தின்றாக வேண்டும். உச்சியில் போய்ச் சேர்வது 20 கிலோ. மேலே 8 பேர் தங்கினால் மாதம் 240 கிலோ, அதாவது மாதத்துக்கு 12 நடை ஆள். இது சாப்பாட்டுக்கு மட்டும். எண்ணெய், கம்பளி, பலகை, கருவிப்பெட்டி, வைக்கோல் பொதிவு இவையெல்லாம் தனி. ஒரு நாள் வழி கூடினால் இந்தக் கணக்கு முழுவதும் நகரும். மலையில் தூரம் என்பது மைல் அல்ல, அரிசி.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு ஐரோப்பியக் கதைகளும் விளங்கின. ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங்க் சிகரத்தை (சுமார் 4,800 மீட்டர்) முதலில் தொட்டவர்கள் 1786-இல் பால்மா, பக்கார் இருவர். மறு வருஷம் ஆகஸ்டில் ஜெனீவா அறிஞர் சொசூர் போனார். உடன் 18 வழிகாட்டிகள். எதற்கு இத்தனை பேர்? பாதரச மானி, வெப்பமானி, கூடாரம், ரொட்டி எல்லாம் தூக்க. அவர் சில மணி நேரம் உச்சியில் இருந்தார். 1893-இல் பாரிஸ் வானியலாளர் ஜான்சன் அதே உச்சியில் ஆய்வுக்கூடம் ஒன்றைக் கட்டினார். அதற்குமுன் பனியைக் குடைந்து பார்த்தார்கள், அடியில் பாறை அகப்படவில்லை. சரி என்று உறைபனியையே அஸ்திவாரமாக்கினார்கள். பனி நகர்கிற பொருள் அல்லவா? வீடு சாய்ந்து சாய்ந்து 1909-இல் கதை முடிந்தது. பிரௌனுக்குச் சொந்த நாடான ஸ்காட்லாந்தில், பென் நெவிஸ் மலையில் (1,345 மீட்டர்) 1881-இல் கிளெமென்ட் ராக் என்பவர் கோடை முழுக்கத் தினமும் ஏறி இறங்கிக் கருவி பார்த்தார். அதே நேரத்தில் கீழே கடல் மட்டத்தில் அவர் மனைவி பார்த்து எழுதினார். 1883-இல் அங்கே நிலையான கூடம் திறந்து 1904 வரை நடந்தது. ஆக, மேலே ஒருவர் கீழே ஒருவர் என்ற அந்த முறையை, அதைவிட உயரமான சிகரத்தில், ஏறக்குறைய 30 வருஷம் முன்னதாகவே நம் ஊர்ப் பணத்தில் நடத்தியாயிற்று. பென் நெவிஸுக்குப் புத்தகம் புத்தகமாக இருக்கிறது. நம்முடையதற்கு மியூசியம் வாசலில்கூட ஒரு வரி எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லையானால் அது வருத்தந்தான்.

தொலைக்காட்சியில் வரும் அந்தச் சறுக்குப் பலகைக்காரர்கள் விஷயமும் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகள் கேட்பார்கள். ஸ்கீ என்னும் பலகையைக் கட்டிக்கொண்டு உயர்ந்த ஆல்ப்ஸைக் குறுக்கே கடக்கலாம் என்று 1897 குளிர்காலத்தில் காட்டியவர் ஜெர்மானியரான பால்கேயும் அவர் தோழர்களும். ஏறும்போது பலகையின் அடியில் சீல் என்னும் கடற்பிராணியின் ரோமத்தோலை ஒட்டுவார்கள். ரோமம் ஒரு பக்கமாகப் படிந்திருப்பதால் முன்னே வழுக்கும், பின்னே வழுக்காது. இப்போது நைலான் வந்துவிட்டது, அந்தப் பிராணி பிழைத்தது. அவர்களுடைய திட்டத்தைப் படித்தால் ஆச்சரியமாயிருக்கும், வீரம் பற்றி அதில் ஒரு சொல் இராது. இராத்திரிக் குளிரில் பனி இறுகியிருக்கும்போதே, விடியுமுன் கிளம்பு. வெயில் ஏறினால் பனி இளகும். 30 பாகைக்கு மேற்பட்ட சரிவில் பனிச்சரிவு வரும், முதல் நாள் மழையா பனியா காற்றா என்று விசாரி. இத்தனை மணிக்கு உச்சி கிட்டாவிட்டால் எந்த இடமானாலும் திரும்பு. இந்தக் கடைசி விதிதான் மிகக் கடினம் என்கிறார்கள். முதல் போட்ட பிறகு நஷ்டத்தோடு விலகுவது எவ்வளவு கஷ்டம் என்பது கடைக்காரனுக்குத் தெரியும்.

அகத்தியர் மலையில் பனி கிடையாது. அங்கே நேரத்தை வெட்டுவது மேகமும் யானையும். பிற்பகலில் மூட்டம் இறங்கினால் கைக்கெட்டிய பாறை தெரியாது. சாயங்காலம் யானை தண்ணீருக்கு வரும் வழியும் மனிதன் இறங்கும் வழியும் பல இடத்தில் ஒன்று. இதெல்லாம் எந்தக் கருவியிலும் இல்லை. இது காணிக்காரர்களிடம் இருந்தது.

காணிக்காரர் அந்த மலையின் பூர்வ குடிகள். போனக்காட்டிலிருந்து ஏறுகிற வழியில் அவர்கள் நாவில் வழங்கும் இடப்பெயர்களைக் கேளுங்கள்: வாழைப்பைந்தியாறு, அட்டையாறு, ஏழுமடக்கன் தேரி, முட்டிடிச்சான் தேரி, அதிருமலை, பொங்காலைப்பாறை. தமிழ் அறிந்தவனுக்கு அகராதி வேண்டாம். அட்டையாறு என்றதும் உப்பும் புகையிலையும் எடுத்துக்கொள்ளத் தோன்றும். ஏழு மடக்கு உள்ள ஏற்றம் முன்னால், முழங்கால் முட்டி வந்து இடிக்கிற செங்குத்து பின்னால். எங்கே தண்ணீர், எங்கே மூச்சு வாங்கும், எங்கே பொங்கித் தின்னலாம் என்பதைப் பெயராகவே வைத்துப் போயிருக்கிறார்கள். எழுத்தறியாதவர்கள் வரைந்த படம் இது. யுவான் சுவாங் கேட்டெழுதியதும் இப்படிப்பட்டவர்களின் சொல்லாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். 'பிரௌன் ஏறினார்' என்று நாம் வசதிக்காகச் சொல்கிறோம். பாதரசக் குழாய் தானாக நடந்து போகவில்லை.

இந்த ஞானத்துக்கு விலை உண்டா என்ற கேள்வி நம் காலத்திலேயே எழுந்தது. 1987 டிசம்பரில் டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில் ஒரு விஞ்ஞானிகள் குழு இந்த மலைகளில் அலைந்தது. வழிகாட்ட வந்த காணிக்காரர்கள் நாள் முழுக்க நடந்தும் சோர்வில்லாமல் இருந்தார்கள். அவ்வப்போது ஏதோ சிறு காயை மென்றார்கள். விஞ்ஞானிகளுக்கும் கொடுத்தார்கள், இவர்களுக்கும் களைப்பு போயிற்று. என்ன செடி என்று கேட்டால் முதலில் சொல்லவில்லை. குலத்து ரகசியம். பிறகுதான் காட்டினார்கள், அதுவே ஆரோக்கியப்பச்சை. பாலோடு தாவரவியல் தோட்டத்து ஆய்வில் அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து உருவாகி, 1990-களின் நடுவில் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் போயிற்று. உரிமத்தொகை 10 இலட்சம் ரூபாய், விற்பனையில் 2 விழுக்காடு தனி. அதில் சரிபாதி காணிக்காரர்களுக்கு என்று தீர்மானித்து, 1997-இல் அவர்களுக்கென அறக்கட்டளை பதிவாயிற்று. பழங்குடியின் அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி உடன்படிக்கை என்று உலகமெங்கும் இதை எடுத்துக்காட்டுகிறார்கள். பங்கு போதுமா, எல்லாக் குடிகளையும் கேட்டார்களா என்ற விமரிசனமும் உண்டு, அதுவும் நியாயமே. ஆனாலும் கணக்குப் புத்தகத்தில் அவர்கள் பெயருக்கு ஒரு பக்கம் திறந்தாயிற்று. வழிகாட்டியவர்களில் மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி என்ற பெயர்கள் இன்று நூல்களில் இருக்கின்றன. 1855-இன் சுமைகாரர்களுக்கு அந்தப் பக்கம் கிடையாது.

பிரௌன் 1865-இல் ஊர் திரும்பினார். திரட்டிய எண்களை ஒழுங்குபடுத்தி அச்சேற்றுவதிலேயே மிச்ச ஆயுளில் பெரும்பகுதி போயிற்று. பூமியின் காந்த விசையில் ஏற்படும் மாறுதல் உலகின் பல மூலைகளிலும் ஒரே சமயத்தில் தெரிகிறது என்பதும், அதில் சூரியன் தன்னைத் தானே சுற்றுவதோடு ஒத்துப்போகும் சுமார் 26 நாள் சுழற்சி ஒன்று உண்டு என்பதும் அவருடைய முடிவுகளில் முக்கியமானவை. இலண்டன் ராயல் சொசைட்டி 1878-இல் ராயல் பதக்கம் கொடுத்தது. அடுத்த வருஷம் காலமானார். உச்சிக்கூடத்தைக் காடும் காற்றும் எடுத்துக்கொண்டன.

அகத்தியர் மலைப் பகுதி 2001-இல் உயிர்க்கோளக் காப்பகமாகி, 2016-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. கேரள வனத்துறை பொதுவாகத் தை மாதத்தில் தொடங்கிச் சிவராத்திரி வரை, நாளுக்கு இத்தனை பேர் என்று எண்ணி அனுமதிக்கிறது. பருவக் கணக்கு மாறவேயில்லை பாருங்கள். நீதிமன்றம் 2018-இல் தடையை நீக்கியதால் 2019 ஜனவரியிலிருந்து பெண்களும் போகிறார்கள். காணிக்காரர் தம் வழிபாட்டிடம் என்று அப்போது எதிர்ப்புத் தெரிவித்ததும் உண்மை. வழி மூன்று நாள். முதல் நாள் போனக்காட்டிலிருந்து அதிருமலை முகாம், இரண்டாம் நாள் விடியலில் கிளம்பி உச்சி தொட்டு இருட்டுமுன் முகாமுக்குத் திரும்புவது, மூன்றாம் நாள் இறக்கம். கடைசிப் பாறைகளில் பிடித்து ஏறக் கயிறு கட்டியிருக்கிறார்கள். ஆகவே கயிறு சுமக்க வேண்டாம். கம்பளி வேண்டும், டார்ச் விளக்கு வேண்டும், உப்பு வேண்டும். புதுச் செருப்பு, புது பூட்ஸ் இரண்டும் வேண்டாம், ஒரு மாதம் ஊருக்குள் நடந்து பழக்கினதையே போட்டுக்கொள்ளுங்கள்.